விடாமுயற்சியும் தன்னம்பிக்கையும்: நம் வீட்டு வயசுப் பிள்ளைகளுக்காக

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 அம்மாவோடு வந்து பின்வரிசையில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, இன்றைக்கு உங்களைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். கேட்டாலும் சரி, கேட்காத மாதிரி கேட்டாலும் சரி.

நான் கல்லூரியில் உளவியல் பாடம் நடத்துகிறவள். "விடாமுயற்சியும் தன்னம்பிக்கையும்னு தலைப்பு வச்சிருக்கோம் மேடம், நம்ம பிள்ளைங்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க" என்று செயலாளர் அக்கா போனில் சொன்னார்கள். நல்ல வார்த்தை சொல்வதில் எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை. ஆனால் நல்ல வார்த்தைக்கு இந்தப் பிள்ளைகளிடம் பஞ்சமே இல்லை. பள்ளியில் சொல்கிறார்கள், கல்லூரியில் சொல்கிறோம், யூடியூபில் இருபத்து நாலு மணி நேரமும் சொல்கிறார்கள். கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு ஒருவர் வந்து, "உன்னால் முடியும், எழுந்து நில்" என்று ஒரு மணி நேரம் கத்திவிட்டு, பையில் பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு போகிறார். கேட்ட பிள்ளை அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் நிமிர்ந்து நடக்கிறது. மறுநாள் காலையில் பழையபடி சுருண்டு படுத்துக்கொள்கிறது.

அதனால் நான் பிள்ளைகளுக்குச் சொல்வதைவிட உங்களோடு பேசத்தான் ஆசைப்படுகிறேன். ஏனென்றால் தன்னம்பிக்கை எப்படி உண்டாகிறது என்று எங்கள் புத்தகங்களில் எழுதியிருப்பதை நீங்கள் ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறீர்கள். அதற்கு அந்தப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

குழு ஆரம்பித்த நாளை நினைத்துப் பாருங்கள். முதல் கூட்டத்தில் யாராவது உங்களிடம், "நீங்க ரெண்டு லட்சம் கடன் வாங்கிக் கட்டுவீங்க, உங்களால முடியும்" என்று சொன்னார்களா? சொல்லியிருந்தால் பாதிப் பேர் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பீர்கள். வாரம் பத்து ரூபாய், இருபது ரூபாய் சேமிப்பு. பெயரை எழுதக் கற்றுக்கொண்டு கையெழுத்து. பிறகு, பிள்ளைக்கு நோட்டு வாங்கவோ மாமியாருக்கு மருந்து வாங்கவோ ஐந்நூறு ரூபாய் உள்கடன். அதைத் திருப்பிக் கட்டியது நோட்டில் ஏறியது. எல்லோர் முன்னாலும் வாசித்தார்கள். அப்புறம் தரமதிப்பீடு, சுழல்நிதி, அதன் பிறகுதான் வங்கிக் கடன். வங்கிக்குள் முதல் தடவை போனபோது மேனேஜர் முன்னால் உட்காரவே பயந்தவர்கள், இன்றைக்கு "ஏன் சார் எங்க கணக்குல இந்தப் பிடித்தம்?" என்று கேட்கிறீர்கள். அந்தத் தைரியத்தை யாரும் உங்களுக்குப் பேசி ஊட்டவில்லை.

தமிழ்நாட்டில் இந்த வேலை 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கியது என்பது உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். 1992-ல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கலாம் என்று சோதனையாக ஆரம்பித்தது. அடமானம் கிடையாது, சொத்துப் பத்திரம் கிடையாது. வங்கி பார்த்தது குழுவின் நோட்டுகளை. கூட்டம் ஒழுங்காக நடந்ததா, சேமிப்பு விடாமல் ஏறியதா, கொடுத்த உள்கடன் திரும்பி வந்ததா? ஆறு மாத நோட்டைப் பார்த்துத்தான் நம்பிக்கை.

நம் மனசும் அந்த மேனேஜர் மாதிரிதான். "என்னால முடியுமா?" என்று ஒரு பிள்ளை தன்னைத்தானே கேட்டுக்கொண்டால், மனசு உடனே பழைய நோட்டை எடுத்து வரச் சொல்லும். இதற்கு முன்னால் எதையாவது எடுத்து முடித்திருக்கிறாயா, என்ன தேதியில், யார் பார்த்தார்கள் என்று கேட்கும். அதில் வரவு இருந்தால் நம்பும். ஒன்றுமே இல்லாத நோட்டை வைத்துக்கொண்டு, "எங்க அம்மா சொன்னாங்க, என்னால முடியுமாம்" என்றால் நம்பாது.

இதை நான் என் மனம்போன போக்கில் சொல்லவில்லை. ஆல்பர்ட் பண்டூரா என்று ஓர் அறிஞர், கனடாவில் பிறந்து அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர், 2021-ல்தான் காலமானார். பாம்பு என்றாலே நடுங்குகிறவர்களை வைத்து 1960-களில் அவரும் அவருடைய கூட்டாளிகளும் ஓர் ஆய்வு செய்தார்கள். நமக்கு வரப்பில் பாம்பைப் பார்த்த பயம். இது அப்படியில்லை. பாம்பு நினைப்பே அன்றாட வாழ்க்கையைக் கெடுக்கிற அளவுக்குப் பயம். அவர்களைப் பிரித்து, சிலருக்கு மற்றவர்கள் பாம்பைக் கையாளும் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். சிலரை உடம்பைத் தளர்த்திக்கொண்டு பாம்பை மனசில் நினைத்துப் பார்க்கச் சொன்னார்கள். இன்னும் சிலரோடு ஒரு பயிற்சியாளர் கூடவே நின்றார். முதலில் அவர் பாம்பைத் தொடுவதை இவர்கள் பார்த்தார்கள். பிறகு அவர் தலையையும் வாலையும் பிடித்துக்கொள்ள, இவர்கள் கையுறை மாட்டிக்கொண்டு நடுவில் தொட்டார்கள். அப்புறம் வெறும் கையால். அப்புறம் அவர் கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொள்ள, இவர்களே பிடித்தார்கள். விஷமில்லாத பாம்புதான், கவலைப்படாதீர்கள்.

பயம் அதிகமாக விலகியது யாருக்கு? கூட ஆள் நிற்கத் தன் கையால் தொட்டவர்களுக்கு. அதில் ஏறக்குறைய எல்லோருமே பயத்தை விட்டார்கள். படம் பார்த்தவர்களுக்கும் கொஞ்சம் பலன் இருந்தது, ஆனால் இந்த அளவுக்கு இல்லை. பாம்போடு சம்பந்தமே இல்லாத வேறு சில பயங்களும் இவர்களுக்குக் குறைந்துபோனதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி. ஒரு இடத்தில் முடிந்தது, இன்னொரு இடத்திலும் முயன்று பார்க்கச் சொல்கிறது.

1977-ல் பண்டூரா இதையெல்லாம் வைத்து எழுதினார்: தன்னால் முடியும் என்ற எண்ணத்துக்குப் பெரிய ஊற்று, தானே செய்து முடித்த அனுபவம். அதற்கு அடுத்து, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது. பிறர் சொல்லும் தைரியம் அதற்குப் பின்னால்தான். உடம்பின் நிலையும் அதில் உண்டு. தூக்கமில்லாமல், படபடப்போடு இருக்கிற உடம்பு "உன்னால முடியாது" என்று உள்ளே இருந்து சொல்லிக்கொண்டே இருக்கும்.

"தன்னைப் போன்ற ஒருவர்" என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். மதுரைப் பக்கத்துச் சின்னப்பிள்ளை அம்மாவைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலித் தொழிலாளி, களஞ்சியம் இயக்கத்தில் தலைவியாக வளர்ந்து, விருது வாங்கப் போன இடத்தில் அன்றைய பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீ. அவரை நினைத்து நமக்கு நெஞ்சு நிமிர்கிறதென்றால், அவரும் நம்மைப் போல நாத்து நட்டவர் என்பதால். விமானத்தில் போகிற கோடீஸ்வரரின் கதை அப்படி ஒட்டாது. பிள்ளைகளுக்கும் அதேதான். அப்துல் கலாம் ஐயாவைச் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பக்கத்துத் தெருவில், போன வருஷம் நர்சிங் சேர்ந்தவளோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச வையுங்கள். ஒரே ஒரு படி மேலே நிற்கிறவள் கையைக் கொடுத்தால் எட்டும்.

சரி, இப்போது நம் வீடுகளுக்கு வருவோம். நம் கிராமங்களில் டிகிரி முடித்த பிள்ளைகளில் எத்தனையோ பேர் இன்று செய்கிற வேலை, தேர்வுக்குப் படிப்பது. 2022-ல் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 அறிவிப்பு வந்தபோது அதில் சொல்லியிருந்த இடங்கள் 7,301. விண்ணப்பம் போட்டவர்கள் 22 லட்சத்துக்கும் மேல். ஒரு நாற்காலிக்கு முந்நூறு பேர். அந்த முந்நூறில் ஒருவர் உட்காருவார். மீதி 299 பேரும் முயற்சி செய்யாதவர்களா? அவர்கள் வீட்டில் எல்லாம், "இன்னும் கொஞ்சம் விடாம முயற்சி பண்ணியிருக்கலாம்" என்று சொல்வது நியாயமா?

எங்களிடம் படித்துவிட்டுப் போன ஒரு பெண் சான்றிதழ் வாங்குவதற்காகக் கல்லூரிக்கு வந்திருந்தாள். ஊர், பேர் வேண்டாம். அவள் அம்மாவும் உங்களைப் போலக் குழுவில் இருக்கிறவர். படிப்பு முடிந்து நாலு வருஷம், மூன்று தேர்வு. மெலிந்துபோயிருந்தாள். "ஏம்மா இப்படி ஆயிட்ட?" என்று கேட்டேன். "கல்யாண வீடு, சாவு வீடு எங்கயும் போறதில்ல மேடம். 'இப்ப என்ன பண்ற'ன்னு கேக்குறாங்க" என்றாள். நான் வழக்கமாகச் சொல்கிற மாதிரி முயற்சி, அது இது என்று ஆரம்பித்தேன். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "முயற்சி பண்ணாம இல்ல மேடம். நான் முயற்சி மட்டும்தான் பண்றேன்."

அந்தப் பதில் என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது. அவளுடைய நோட்டில் நாலு வருஷமாகச் செலவு மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் படிப்பு, பயிற்சி மையத்துக்குக் கட்டிய பணம், அம்மாவின் கம்மல். வரவு என்று எழுத ஒரு வரி கூட இல்லை. நம் கடனை வாரா வாரம், மாதா மாதம் தவணையில் கட்டுகிறோம். கட்டக் கட்டப் பாரம் குறைவது கண்ணுக்குத் தெரிகிறது. இந்தத் தேர்வோ, ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, மொத்தத் தொகையையும் ஒரே நாளில் கட்டு, ஒரு மார்க் குறைந்தாலும் கட்டாத கணக்குதான் என்று சொல்கிற கடன். அப்படி ஒரு கடனை உங்கள் குழு எந்த உறுப்பினருக்காவது கொடுக்குமா? தீர்மானமே போட மாட்டீர்கள்.

அந்தப் பெண்ணின் அம்மா இருந்த குழுவில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள். "ரெண்டு வாரம் மட்டும் எழுதிக் குடும்மா" என்று இவளிடம் நோட்டைக் கொடுத்திருக்கிறார்கள். வேண்டாவெறுப்பாகத்தான் எழுதினாள். எழுதும்போது, ஓர் அக்கா கட்டிய தவணை இரண்டு மாதமாக வேறு ஒருவர் பெயரில் ஏறியிருந்ததைக் கண்டுபிடித்திருக்கிறாள். அந்த அக்கா கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் இவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். ரெண்டு வாரம் என்றது, இப்போது அந்த ஊராட்சியில் ஆறு குழுவுக்குக் கணக்கு எழுதுகிறாள். மாதம் ஏதோ சிறு தொகை வருகிறது. வேலை கிடைத்துவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை, இன்னும் தேர்வு எழுதிக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் ராத்திரி தூங்குகிறாள். கல்யாண வீட்டுக்குப் போகிறாள். "என்ன பண்ற?" என்று கேட்டால், "கணக்கு பாக்குறேன்" என்கிறாள்.

பெரிய லட்சியத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. அதன் பக்கத்தில், இந்த வாரம் ஆரம்பித்து இந்த வாரமே முடிகிற ஒரு வேலை இருக்கட்டும், அதை இன்னொருவர் பார்க்கட்டும் என்கிறேன். டூவீலர் லைசென்ஸ் எடுப்பது, தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவது, கூட்டமைப்பின் கடிதத்தைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பது, எதுவானாலும். 2021-ல் இல்லம் தேடிக் கல்வி வந்தபோது தன்னார்வலர்களாகப் போன எத்தனையோ பெண்கள், அதற்கு முன் வீட்டை விட்டு வெளியே வந்து நாலு பேர் முன்னால் பேசாதவர்கள். புதுமைப் பெண் திட்டத்தில் 2022-லிருந்து கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. 2024-லிருந்து தமிழ்ப் புதல்வன் என்று பையன்களுக்கும் வருகிறது. அந்தப் பணத்தை ஏ.டி.எம். கார்டோடு வாங்கி நாமே வைத்துக்கொள்ளாமல், எதற்குச் செலவழிப்பது என்று அந்தப் பிள்ளையே முடிவு செய்து, நம்மைப் போல ஒரு நோட்டில் எழுதட்டும். சிரிக்கிறீர்கள்! யார் யார் கார்டு யார் யார் பீரோவில் இருக்கிறது என்று இந்தச் சிரிப்பிலேயே தெரிகிறது.

அடுத்து ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும்.

அமெரிக்காவில் வட கரோலினா என்ற மாநிலத்தில் ஜான் ஹென்றி மார்ட்டின் என்று ஒரு கறுப்பின விவசாயி. 1907-ல் பிறந்தவர். அப்பா வாரத்துக்கு உழுதவர். நம் ஊரில் அடுத்தவர் நிலத்தில் உழைத்து விளைச்சலில் பங்கு கொடுத்துவிட்டுக் கடனிலேயே கிடப்பார்களே, அந்த மாதிரி. இவர் படித்தது இரண்டாம் வகுப்பு. தானாக எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு, இரவு பகல் பாராமல் உழைத்து, கடன் வாங்கி நிலம் வாங்கி, அந்தக் கடனையும் தவணைக்கு முன்னாலேயே அடைத்து, நாற்பது வயதில் 75 ஏக்கருக்குச் சொந்தக்காரர் ஆனார். கறுப்பின மக்களை மிதித்து வைத்திருந்த காலத்தில் இது சாதாரண காரியமில்லை. நம் மேடைப் பேச்சாளர்கள் கதையை இங்கேயே முடித்துக் கைதட்டு வாங்கிவிடுவார்கள்.

ஷெர்மன் ஜேம்ஸ் என்ற ஆய்வாளர் அவரைச் சந்தித்து மீதிக் கதையையும் கேட்டார். ஐம்பது வயதைத் தாண்டி அறுபதை எட்டுவதற்குள் அந்த மனிதருக்கு ரத்தக் கொதிப்பு, மூட்டுவாதம், வயிற்றுப்புண் முற்றி இரைப்பையில் ஒரு பகுதியையே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. ஜேம்ஸ் இதைப் பிடித்துக்கொண்டு அந்தப் பகுதி மக்களிடம் விசாரித்தார். எவ்வளவு தடை வந்தாலும் முட்டி மோதியே தீருவேன் என்கிற குணம் உள்ளவர்களைத் தனியாகப் பார்த்தார். அந்தக் குணத்தோடு படிப்பும் கொஞ்சம் வசதியும் இருந்தவர்களுக்கு அவ்வளவு பாதிப்பு தெரியவில்லை. படிப்பு, கைப்பொருள் எதுவும் பெரிதாக இல்லாமல் அதே வேகத்தில் முட்டியவர்களுக்குத்தான் ரத்த அழுத்தம் கூடுதலாக இருந்தது. அந்த விவசாயியின் பெயரையே அந்தக் குணத்துக்கு வைத்தார். அமெரிக்க நாட்டுப்புறக் கதையில் சுத்தியலோடு இயந்திரத்தை எதிர்த்துப் போட்டி போட்டு ஜெயித்து, ஜெயித்த இடத்திலேயே விழுந்து செத்த ஒரு தொழிலாளிக்கும் ஜான் ஹென்றி என்றே பெயர். அப்படி ஒரு பொருத்தம்.

விடாமுயற்சி உடம்புக்கு நல்லதா கெட்டதா என்று கேட்டால், கூட என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். பகலில் பனியன் கம்பெனியில் நின்றுவிட்டு இரவில் தொலைதூரக் கல்விக்குப் படிக்கிற பெண்ணைப் பார்த்து, "என்ன விடாமுயற்சி!" என்று நாம் வியக்கிறோம். வியந்துவிட்டுப் போய்விடுகிறோம். அவள் காலையில் சாப்பிட்டாளா என்று கேட்பதில்லை. மாதவிடாயில் நிற்காமல் போகிற ரத்தத்துக்கு டாக்டரைப் பார்த்தாளா என்று கேட்பதில்லை. பார்சல் கொடுக்கிற வேலைக்குப் போகிற பையன் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வண்டியில் இருக்கிறான் என்று கேட்டிருக்கிறோமா? உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். குழுக் கடனுக்கு மேல் வெளியே மைக்ரோ பைனான்ஸ் மூன்று வாங்கிவிட்டு, எல்லாத் தவணையையும் தவறாமல் கட்டிவிட்டேன் என்று பெருமையாகச் சொல்கிற அக்கா, கடைசியாக எப்போது ரத்த அழுத்தம் பார்த்தீர்கள்? மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். வந்தால் "வேலை இருக்கு, அப்புறம் வாங்க" என்று அனுப்பாதீர்கள்.

இனி மூன்றாவது விஷயம். இதைச் சொல்லத்தான் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் தலைப்பே விடாமுயற்சி. ஆனால் எதை விடலாம் என்றும் பேசியாக வேண்டும்.

2007-ல் ஏஞ்சலா டக்வொர்த் என்ற அமெரிக்கப் பேராசிரியர், நீண்ட நாள் லட்சியத்தை விடாப்பிடியாகத் தொடர்கிற குணத்தை அளந்து பார்த்து எழுதினார். ராணுவக் கல்லூரியில் கடுமையான முதல் பயிற்சிக் காலத்தை யார் தாக்குப்பிடிப்பார்கள் என்று இந்தக் குணத்தை வைத்துச் சொல்ல முடிந்தது. உலகமே கொண்டாடியது. அந்தக் குணத்தில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று, உழைப்பைத் தளரவிடாமல் இருப்பது. இன்னொன்று, ஒரே விருப்பத்தை மாற்றாமல் பிடித்துக்கொண்டிருப்பது. பத்து வருஷம் கழித்து, அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தவர்கள், படிப்பிலும் வேலையிலும் பலன் தருவது பெரும்பாலும் முதல் பங்குதான் என்று கண்டார்கள். எடுத்ததையே மாற்றாமல் பிடித்திருப்பதற்கு அவ்வளவு பலன் தெரியவில்லை.

கனடாவில் இன்னொரு ஆய்வு, அதுவும் 2007-ல் வந்தது. வளரிளம் பெண்களை ஒரு வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். எட்ட முடியாது என்று தெரிந்த இலக்கை விட முடிந்த பெண்களைவிட, விட முடியாமல் தவித்த பெண்களின் ரத்தத்தில் அழற்சியைக் காட்டுகிற சி.ஆர்.பி. அதிகமாக ஏறியிருந்தது. கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் டெஸ்ட் எடுத்தோமே, அதே சி.ஆர்.பி.தான். மனசு விடாமல் பிடித்திருப்பதை உடம்பும் பிடித்துக்கொள்கிறது. ஆனால் வெறுமனே விட்டுவிடுவது மட்டும் போதாது. விட்ட கை இன்னொன்றைப் பிடிக்க வேண்டும். இதே ஆய்வாளர்களும் மற்றவர்களும் செய்த வேறு ஆய்வுகளில், புது இலக்கைத் தேடி எடுத்துக்கொள்கிறவர்கள்தான் மனநிறைவோடு இருந்தார்கள்.

இதுவும் உங்களுக்குப் பழகிய காரியம்தான். மாட்டுக் கடன் வாங்கிய உறுப்பினரின் மாடு செத்துவிட்டது. குழு என்ன செய்கிறது? "தோத்துட்ட, போ" என்று சொல்கிறதா? கூடி உட்கார்ந்து, தீர்மானம் போட்டு, தவணையை மாற்றி, அடுத்து ஆடு வாங்கலாமா, இட்லிக் கடை போடலாமா என்று பேசுகிறீர்கள். கடன் இருக்கிறது, அவளும் இருக்கிறாள், வழி மட்டும் மாறுகிறது. இந்தப் பெருந்தன்மை நம் பிள்ளையிடம் மட்டும் ஏன் வருவதில்லை? மூன்றாவது தடவை நீட் எழுதிவிட்டு வந்து, "அம்மா, நான் பி.எஸ்சி. சேர்ந்துக்கிறேன்" என்று சொல்கிற பிள்ளையிடம், "இவ்வளவு செலவு பண்ணி எல்லாம் வீணா?" என்கிறோம்.

என் யோசனை ஒன்று. தேர்வுக்குப் படிக்க ஆரம்பிக்கும்போதே, எத்தனை முறை, எந்த வயது வரை, அது நடக்காவிட்டால் அடுத்து என்ன என்று வீட்டில் உட்கார்ந்து பேசி, தீர்மான நோட்டில் எழுதுகிற மாதிரி எழுதி வையுங்கள். எழுதுவது பிள்ளையாக இருக்கட்டும். அந்தத் தேதி வரும்போது அதைத் தோல்வி என்று யாரும் சொல்ல முடியாது. தீர்மானப்படி நடக்கிறது, அவ்வளவுதான். ரிசல்ட் வந்த அன்றைக்கு ராத்திரி அழுதுகொண்டே எடுக்கிற முடிவைவிட, தெளிந்த மனசோடு முன்னாலேயே எடுத்த முடிவு நிற்கும்.

ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். எல்லாமே தன்னம்பிக்கைக் குறைவு இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் ஒரு பிள்ளை சரியாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, பிடித்த எதிலும் நாட்டமில்லை, குளிக்கக் கூட எழுவதில்லை, "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்று வாய் தவறியாவது சொல்கிறது என்றால், அது நோயாக இருக்கலாம். அப்போது போய் விடாமுயற்சி பற்றிப் பேசுவது, கால் முறிந்தவனை ஓடச் சொல்வது மாதிரி. திட்டக் கூடாது, தனியாக விடக் கூடாது. நேரடியாகவே கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா கண்ணு?" கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, பயப்படாதீர்கள். வீட்டில் இருக்கிற பூச்சிமருந்தைப் பிள்ளையின் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருக்கிறார். போனில் பேச 14416, டெலி மானஸ், பகலிலும் இரவிலும் தமிழிலேயே பேசலாம், காசில்லை. 104-லும் பேசலாம். ரிசல்ட் வருகிற வாரத்தில் இந்த இரண்டு எண்ணையும் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு தடவை போட்டுவிடுங்கள். காலை வணக்கம் பூப்படத்துக்கு நடுவே இதுவும் ஒன்று இருக்கட்டும்.

கூட்டமைப்பு நிர்வாகிகளிடம் ஒரு கோரிக்கையோடு முடித்துக்கொள்கிறேன். அடுத்த மாதக் கூட்டத்தின் அஜெண்டாவில் ஒரு வரி சேருங்கள். ஒவ்வொரு குழுவிலும் படித்து முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளைகள் எத்தனை பேர், பெண்ணும் பையனுமாக, ஒரு கணக்கு எடுங்கள். கூட்டமைப்பில் எத்தனையோ வேலை கிடக்கிறது. பழைய நோட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், கண்காட்சிக்குப் பொருள்களைப் படம் எடுத்துப் போட வேண்டும், மூத்த உறுப்பினர்களை வங்கிக்குக் கூட்டிப் போய் வர வேண்டும். அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று, ரெண்டு வாரத்தில் முடிகிற மாதிரி கொடுங்கள். முடித்ததும் கூட்டத்தில் பேர் சொல்லி வாசியுங்கள், தீர்மான நோட்டில் எழுதுங்கள். கூட ஓர் அக்கா நிற்கட்டும், கொஞ்ச நாளைக்கு. கணக்கு எடுத்த பிறகு சொல்லி அனுப்பினால், ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் வந்து அந்தப் பிள்ளைகளோடு உட்காருகிறேன். பேச்சு வேண்டாம். அவர்கள் பேசட்டும், நான் கேட்கிறேன்.